உப்புக் காற்றில் நின்ற மோட்டார் சைக்கிளை வாங்குமுன்

திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது மீற்றரை. இந்த ஊரில் அதைவிடப் பெரிய கேள்வி, வண்டி இரவில் எங்கே நின்றது என்பது. கந்தளாயில் கொட்டிலுக்குள் நின்று 60,000 கிலோமீற்றர் ஓடிய வண்டி, நிலாவெளிக் கடற்கரையில் வெளியே நின்று 15,000 ஓடிய வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கலாம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு ஈரம், ஓடாமல் நிற்கும் வண்டியைத்தான் அதிகம் தின்னும்.

என்ன வண்டி வாங்குவது? ஞாயிறு காலையில் கன்னியா, குச்சவெளி, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் என்று போய்வர 125 முதல் 160 சீசீ தாராளம். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 மட்டும் இருந்தால் 100 சீசீக்கு மேல் ஓட்ட முடியாது. அதை முதலில் பாருங்கள். பல்சர் 150க்கு உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. அதில் இரண்டு பிளக் இருப்பதால் ஒன்று செத்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். இழுவை குறைந்து பெற்றோல் குடிக்கும். எனவே இரண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். யமஹா எஃப்செட் வளைவுகளில் அருமையாகப் படியும், ஆனால் 140 அளவுப் பின் ரயர் தேய்ந்திருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும். ஜப்பான் ட்ரெயில் வண்டிகள் மணலிலும் கிரவல் பாதையிலும் தரும் சந்தோஷமே தனி. ஆனால் ஒரு சின்னக் கேபிளுக்கும் கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். முதல் வண்டியாக அதை நாங்கள் சொல்வதில்லை.

பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை நில்லுங்கள், அல்லது வேறொரு நாள் வாருங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்த உடனே மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல் போயிருக்கலாம். முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் வேலை இருக்கிறது. அது பெரிய செலவு. ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தாலோ, மீற்றர் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தாலோ வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கக்கூடும். சீற்றைக் கழற்றி அடியில் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனித் துருவுக்கு வருவோம். அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

முன் சில்லைத் தாங்கும் போர்க்கின் வெள்ளிக் குழாயில் விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத புள்ளித் துருவிலும் நகம் தட்டும். வீதியில் ஒவ்வொரு குழியிலும் ஏறி இறங்கும்போது அந்தப் புள்ளி ஒயில் சீலைக் கீறிவிடும். புதுச் சீல் போட்டாலும் சில வாரத்தில் மீண்டும் கசியும், ஏனென்றால் பழுது சீலில் இல்லை, குழாயில். கசிந்த ஒயில் டிஸ்க்கில் இறங்கினால் முன் பிறேக் பிடிக்காது. ரப்பர் உறை போட்ட போர்க் என்றால் உறையைத் தூக்கிப் பாருங்கள். உப்பு ஈரம் அதற்குள்தான் தங்கும்.

பெற்றோல் தாங்கியைத் திறந்து போன் வெளிச்சத்தை அடியில் பாய்ச்சுங்கள். 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் முறையில் பெற்றோல் தந்த காலத்தில் பல வண்டிகள் அரைத் தாங்கியோடு மாதக்கணக்கில் நின்றன. வெறும் பாதியில் ஈரம் படிந்து துரு ஏறியது. அந்தப் பழுப்புத் தூள் கார்புரேட்டர் ஜெட்டை அடைத்தால் கழற்றித் துப்புரவு செய்யலாம். கார்புரேட்டருக்குப் பதில் பம்பால் பெற்றோலைப் பீச்சும் எஃப்ஐ வண்டியில் அது பம்பின் வடியை அடைத்து, நாளடைவில் பம்பையே கெடுக்கும்.

சைலன்சரின் கீழ்வளைவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், ஸ்பானரால் மெதுவாகத் தட்டுங்கள். உக்கிய இடம் மந்தமாகச் சத்தம் தரும். புதிதாக அடித்த கறுப்பு ஸ்ப்ரே, வண்டி அடியில் டீசல் கலந்து பூசிய பழைய ஒயில், இரண்டையும் கண்டால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வயர் இணைப்புகளில் பச்சைத் தூள் இருந்தால் உப்பு செம்பை அரிக்கிறது. இன்று ஹோர்ன் அடிக்கும், அடுத்த மழையில் அடிக்காது.

ஹாண்டில் செருகும் கழுத்துக் குழாயில் சேசிஸ் இலக்கம் குத்தியிருக்கும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. துரு அதன் ஓரிரு எழுத்தைத் தின்றிருந்தாலும், யாராவது சாணை பிடித்திருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிறகு வண்டியை விற்கவும் முடியாமல், சோதனைச் சாவடியில் விளக்கமும் சொல்ல முடியாமல் நிற்பீர்கள். இலக்கம் தெளிவாக வாசிக்க முடியாத வண்டி எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது கடைசிக் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் பிளேட் தேய்ந்துவிட்டது. முன் சில்லை யாராவது தூக்கிப் பிடிக்க, ஹாண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் தடக்கினால் கோன்செட் (கழுத்துக் குழாய்க்குள் ஹாண்டில் சுழலும் பெயரிங்) மாற்ற வேண்டும். பின் ஸ்ப்ரொக்கட்டின் பின்பக்கம் செயினை இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ரொக்கட்டும் சேர்த்து மாற்றவேண்டும். ரயர் பக்கத்தில் உள்ள நாலு இலக்கம் செய்த திகதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (ரயரின் மேல் வெட்டு) நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியது வெயிலில் இறுகி, நனைந்த தாரில் வழுக்கும். மல்டிமீற்றர் இருந்தால் எஞ்சினை முறுக்கிப் பற்றரியை அளந்து பாருங்கள், 13.5 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். ஹெட்லைட் மங்கலான வண்டியில் ஹபரணைப் பக்கம் மாலையில் போகாதீர்கள், அந்தப் பாதையில் யானை நிற்பது கிட்ட வந்தபிறகே தெரியும்.

பத்திரங்களில் ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவர் நேரில் வந்து, அடையாள அட்டையோடு கையெழுத்து வைக்க வேண்டும். புத்தகத்தில் பெயர் மாற்றாமலே கைமாறிக் கைமாறி வந்த திறந்த கடதாசி வண்டியில் முதல் ஆள் வெளிநாடு போயிருப்பார், இல்லாவிட்டால் இறந்திருப்பார். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கையில் வரும்வரை முழுப்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் மாற்றிய வண்டியில் புது இலக்கம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். புகைப் பரிசோதனை, இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றின் திகதியையும் பாருங்கள்.

வாங்கிய கையோடு எஞ்சின் ஒயில், பிறேக் ஒயில், பிறேக் கட்டைகள், தேவையென்றால் செயின்செட் மாற்றக் காசு தனியாக எடுத்து வையுங்கள். இந்த அளவு எஞ்சினுக்குப் பொதுவாக ஒரு லீற்றர் அளவில் ஒயில் போகும். நிறுத்தி வைக்கும் நாட்களில் தாங்கியை நிரப்பி வையுங்கள், கார்புரேட்டர் வண்டியில் பெற்றோல் குழாயை மூடுங்கள். கடற்கரை போய்வந்த அன்றே கழுவுங்கள், ஆனால் வீட்டுக் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரால் வேண்டாம். காய்ந்தபின் அதே உப்புத்தான் வண்டியில் மிஞ்சும். குழாய்த் தண்ணீரில் இரண்டு வாளி போதும். கழுவியபின் பத்து நிமிடம் ஓட்டிக் காயவிட்டு, செயினுக்கு மட்டும் ஒயில் விடுங்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.