ஆம்ஸ்டர்டாமில் சைக்கிளும் படகும்: ஏறும் முன் தெரிய வேண்டியவை

ஆம்ஸ்டர்டாமுக்கு முதல்முறை வருகிறவர்கள் கால்வாயைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். குழந்தையின் கையை இறுகப் பிடித்தபடி தண்ணீரை விட்டு விலகி நடப்பார்கள். ஆனால் முதல் நாளில் அடிபடுவது பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் குறுக்கே ஓடும் செந்நிறத் தார்ப் பாதையில். பார்ப்பதற்கு நடைபாதை மாதிரியே இருக்கும் அது சைக்கிள் பாதை. அதில் வருகிறவர்கள் உலாப் போகிறவர்கள் அல்லர். வேலைக்கும் பள்ளிக்கும் நேரமாகிவிட்டதே என்று மிதிக்கிறவர்கள்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வண்டிகள் இடப்பக்கம் போகும். சாலையைக் கடக்கும்போது தலை தானாகவே முதலில் வலப்பக்கம் திரும்பும். இங்கே முதல் வண்டி வருவது இடப்பக்கத்திலிருந்து. பெல் சத்தம் கேட்டால் முன்னும் பின்னும் தாவாதீர்கள். போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போங்கள், அல்லது அசையாமல் நில்லுங்கள். சைக்கிளில் வருகிறவர் உங்கள் அடுத்த அடியைக் கணக்குப் போட்டுத்தான் வளைக்கிறார். நீங்கள் பின்வாங்கினால் அவர் கணக்குத் தப்பிவிடும்.

வாடகை சைக்கிள்: முதல் பத்து நிமிடம்

கடையில் வண்டியை வாங்கியதும் ஏறிவிடாதீர்கள். டச்சு சைக்கிள்கள் உயரமானவை. நம்மவர்கள் பலருக்குச் சிறிய ஃப்ரேம்தான் சரிவரும், கேட்டு வாங்குங்கள். சீட்டில் உட்கார்ந்தால் முன்பாதங்களாவது தரையில் ஊன்ற வேண்டும். சைக்கிள் ஓட்டிப் பல வருடம் ஆகிவிட்டது என்றால் கூச்சப்படாமல் சீட்டை இன்னும் இறக்கச் சொல்லுங்கள். முழுப் பாதமும் தரையில் படட்டும். மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் வலிக்கும், விழ மாட்டீர்கள்.

அடுத்தது பிரேக். சாதாரண வாடகை வண்டிகளில் பல பின்மிதி பிரேக் உள்ளவை. பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கர அச்சுக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். ஹேண்டில்பாரில் ஒரு லீவர்தான் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. இதில் மூன்று இடங்களில் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஒன்று, சும்மா உருளும்போது காலைப் பின்னோக்கிச் சுற்றும் பழக்கம். நம் ஊர் வண்டியில் அது ஒன்றும் செய்யாது. இங்கே பின்சக்கரம் அந்தக் கணமே இறுகும், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் வந்து விழுவார்.

இரண்டு, சிக்னலில் நின்றபின் மறுபடி கிளம்புவது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றி வாகான இடத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் நிற்பதற்கு முன்பே, கடைசி அரைச்சுற்றில், கிளம்பும் காலின் பெடல் முன்பக்கம் சற்று மேலே இருக்கும்படி பார்த்து நிறுத்த வேண்டும். தப்பிவிட்டால் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, பெடலை முன்னோக்கிச் சுற்றி வையுங்கள். ஒரு காலி இடத்தில் ஏழெட்டு தடவை நின்று கிளம்பிப் பழகினால் கைவந்துவிடும்.

மூன்று, செயின் கழன்றால் பின்மிதி பிரேக்கும் போய்விடும். பாலத்தின் சரிவில் பெடல் திடீரென்று வெறுமனே சுற்றினால் பதறாமல் கை பிரேக்கைப் பிடியுங்கள். கை பிரேக் இல்லாத வண்டி என்றால் காலைத் தரையில் தேய்க்க வேண்டியதுதான். இதனால்தான் புதியவர்கள் கை பிரேக்கும் உள்ள வண்டியாகக் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டு லீவர் உள்ள வண்டியில் இடக்கை லீவர்தான் பெரும்பாலும் முன்பிரேக், நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறு. நடந்தபடி ஒவ்வொன்றையும் அழுத்தி எந்தச் சக்கரம் இறுகுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

துப்பட்டா, சேலைத் தலைப்பு, நீளமான மழைக்கோட்டு மூன்றும் பின்சக்கரத்துக்குப் பிரியமானவை. பல டச்சு வண்டிகளில் செயினுக்கு முழு மூடியும் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் மறைப்பும் இருக்கும். இருந்தாலும் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையை வெறும் கேரியரில் உட்காரவைக்கக் கூடாது. முதுகையும் காலையும் தாங்கும் தனி இருக்கை வேண்டும். சட்டம் அப்படி. ஸ்போக்ஸுக்குள் குதிகால் போன பிள்ளையை ஒருமுறை பார்த்தவர்கள் சட்டத்தை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பூட்டு இரண்டு. பின்சக்கரத்தை வளைத்துப் பிடிக்கும் வளையப் பூட்டு ஒன்று. பூட்டினால்தான் அதன் சாவி வெளியே வரும். இன்னொன்று தடித்த சங்கிலி. அதை முன்சக்கரம், ஃப்ரேம், அசையாத கம்பி மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். வளையப் பூட்டை மட்டும் போட்டுவிட்டுப் போனால் வண்டியைத் தூக்கி வேனில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நிறுத்தக் கூடாத இடத்தில் விட்டால் நகராட்சி எடுத்துப்போகும். தொலைவில் உள்ள கிடங்குக்குப் போய்ப் பணம் கட்டி மீட்க வேண்டும். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு முன்னால் தண்ணீருக்கடியில் 7,000 சைக்கிள் நிற்கும் நிலையம் 2023-இல் திறக்கப்பட்டது. முதல் 24 மணி நேரம் கட்டணமில்லை. வண்டி நிறுத்தும் தேவை இல்லாவிட்டாலும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சாலையில்

டிராமுக்கு வழிவிடுங்கள். அது வளையாது, சட்டென்று நிற்கவும் செய்யாது. அதைவிட ஆபத்து அதன் தண்டவாளம். பள்ளத்தின் அகலம் சைக்கிள் டயருக்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். தண்டவாளத்தோடு ஒட்டி ஓட்டி, மெல்லச் சாய்ந்து கடக்கப் பார்த்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் ஹேண்டிலைத் திருப்ப முடியாது. கடக்கும்போது கூடியவரை செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். மழையில் நனைந்த இரும்பு என்றால் அந்த நேரத்தில் பிரேக்கும் பிடிக்காதீர்கள்.

சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை. தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக உங்களை நோக்கிக் கூர்காட்டினால் நீங்கள் வழிவிட வேண்டும். டச்சுக்காரர்கள் அவற்றைச் சுறாப் பற்கள் என்கிறார்கள். திரும்பும் முன் கையை நீட்டிக் காட்டுங்கள். 2019 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டிக்கொண்டே ஃபோனைக் கையில் வைத்திருப்பது குற்றம். அபராதம் 150 யூரோவைத் தாண்டும். லைட்சேஸ்ட்ராட், கால்வர்ஸ்ட்ராட் போன்ற கடைத்தெருக்களில் சைக்கிள் ஓட்டக் கூடாது. மேப் காட்டுகிறதே என்று நுழைந்துவிடாதீர்கள்.

பாலத்தின் உச்சியில் படம் எடுக்க நிற்பதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஏறி வருகிறவருக்கு உச்சியில் நிற்கிற நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். இறங்கி, வண்டியைக் கைப்பிடியோரம் தள்ளிவிட்டு எடுங்கள்.

வழி தப்பினால் ஒரு சின்ன உபாயம். பதினேழாம் நூற்றாண்டில் வெட்டிய பெரிய கால்வாய்கள் நகரின் நடுவை அரைவட்டமாகச் சுற்றுகின்றன. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த வளையம்தான். உள்ளிருந்து வெளியே, அவற்றுக்கும் முந்தைய சிங்கலில் தொடங்கி, ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று வரிசை. வளைந்துகொண்டே போவதால் திசை குழம்பும். வீட்டு எண்ணைப் பாருங்கள்: வடமேற்கில் பிரவர்ஸ்கிராக்ட் என்னும் குறுக்குக் கால்வாய்ப் பக்கம் 1-இல் தொடங்கி, ஆம்ஸ்டல் ஆற்றை நோக்கிப் போகப் போக ஏறும். எண் குறைந்தால் ஸ்டேஷன் பக்கம் நெருங்குகிறீர்கள். நிமிர்ந்து பார்த்தால் வீட்டு முகப்பின் உச்சியில் சரக்குத் தூக்கும் கொக்கி தெரியும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இந்த நகரில்தான் இருந்தது.

எங்கே ஓட்டலாம்

நகர நடுவில் ஓட்டுவதில் பெரிய சுகமில்லை என்பது எங்கள் கருத்து. வெளியே போங்கள். ஆனால் காற்றைப் பார்த்துப் போங்கள். இந்த ஊரில் மேடு கிடையாது, அதற்குப் பதில் எதிர்காற்று. அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஸ்டேஷனுக்குப் பின்னால் இலவசப் படகில் சைக்கிளோடு ஏறி பௌக்ஸ்லோட்டர்வேக்கில் இறங்கி, டர்ஹர்டம், ரான்ஸ்டோர்ப் என்ற சிற்றூர்களுக்குப் போகும் வழி அழகானது. அணைக்கரையின் ஒருபுறம் விரிந்த நீர், மறுபுறம் அதைவிடத் தாழ்ந்த புல்வெளி. போகும்போது காற்று முதுகில் இருக்கும், நமக்கு இவ்வளவு வலுவா என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும்.

பழக்கமில்லாதவர்கள் ஆம்ஸ்டல் ஆற்றோரமாகத் தெற்கே அவுடர்கெர்க் வரை போகலாம்; ஒரு வழிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். வழியில் 1636-இல் கட்டிய ரீக்கர் காற்றாலை நிற்கிறது, பக்கத்தில் அமர்ந்து வரையும் ரெம்பிராண்டின் சிலை. கால் களைக்கும் முன்பே எதிர்காற்றை முடித்துவிடலாம், திரும்பி வருவது சுலபம். கிளம்பும் முன் பௌயன்ராடார் செயலியில் மழை எங்கே நகர்கிறது என்று பாருங்கள். இருபது நிமிடம் ஒரு காபிக் கடையில் ஒதுங்கினாலே நனையாமல் தப்புகிற மழைதான் பெரும்பாலும்.

நீங்களே ஓட்டும் படகு

15 மீட்டருக்குக் குறைந்த, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத படகுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் மின்மோட்டார் படகுகளை யாருக்கும் ஐந்து நிமிட விளக்கத்தோடு கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லாமல் விடுபவை இவை.

படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் மோட்டாரைப் பின்னோக்கிப் போட வேண்டும், அப்போதும் படகு சில மீட்டர் நழுவும். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். திரும்பும்போது மூக்கு மட்டும் திரும்புவதில்லை, வால் எதிர்ப்பக்கம் வீசும். சுவரை ஒட்டி நின்ற படகைக் கிளப்பிச் சட்டென்று வெளியே திருப்பினால் பின்பகுதி சுவரில் இடிப்பது இதனால்தான். அந்த இடிப்பைத் தடுக்கக் கையை நீட்டுவது எல்லாருக்கும் வரும் பழக்கம். நீட்டாதீர்கள். ஆட்களோடு சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பொருளுக்கும் கல்சுவருக்கும் நடுவே விரல் தாங்காது. படகு இடித்தால் இடிக்கட்டும், சுற்றிலும் ரப்பர் எதற்கு இருக்கிறது?

கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 6 கிலோமீட்டர், வேகமாக நடக்கிற வேகம். வலப்பக்கமே ஓட்டுங்கள். சில கால்வாய்கள் ஒருவழி. குறுகிய வளைவுப் பாலத்துக்குள் பெரிய சுற்றுலாப் படகு வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். அது 20 மீட்டர் நீளம், உங்களுக்காக விலக அதற்கு இடமிருக்காது. ரெகுலியர்ஸ்கிராக்டில் ஏழு பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் புள்ளியில் எல்லாரும் மோட்டாரை நிறுத்துவார்கள். அங்கே நின்றால் பின்னால் ஒரு வரிசையே தேங்கும். படம் எடுக்க ஒரே பக்கம் எல்லாரும் எழுந்தால் படகு சாயும். பாலத்தடியில் எழுந்து நிற்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓட்டுகிறவருக்கு மது அளவு கார் ஓட்டுகிறவருக்கு உள்ளதுதான். ஸ்பீக்கரில் பாட்டு வைக்கத் தடை. ஐ என்னும் அகன்ற துறைமுக நீர்ப்பரப்புக்குள் வாடகைப் படகோடு போகாதீர்கள். சரக்குக் கப்பலின் அலையில் இந்தத் தட்டைப் படகு தத்தளிக்கும். குழந்தைகளுக்கு உயிர்காப்பு அங்கியைக் கேட்டால்தான் பல இடங்களில் எடுத்துத் தருவார்கள். கேளுங்கள். கழிப்பறை படகில் இல்லை என்பதையும் ஏறும் முன்பே நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில்

வெயில் ஏறியதும் கால்வாயில் குதிக்கத் தோன்றும். அனுமதி இல்லை. தடைக்குக் காரணம் படகுப் போக்குவரத்து மட்டுமல்ல. ஆண்டுதோறும் 12,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்களை அடியிலிருந்து தூர்வாரி எடுக்கிறார்கள். கனமழைக்குப் பின் கழிவுநீர் வழிந்து கலப்பதுண்டு. எலிகளும் உண்டு. நீந்த ஆசையிருந்தால் ஸ்லோட்டர்பிளாஸ், காஸ்பர்பிளாஸ் ஏரிகளுக்குப் போங்கள். அங்கும் கோடையில் நீலப்பச்சைப் பாசி படரும்போது எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள்.

கால்வாய் நீர் வாய்க்குள்ளோ காயத்திலோ போயிருந்தால் அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எலிக் காய்ச்சல் இரண்டு நாள் முதல் நான்கு வாரம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், “ஆம்ஸ்டர்டாமில் தண்ணீரில் விழுந்தேன்” என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் டெங்குவைத்தான் தேடுவார்.

ஏப்ரலில் வெயில் அடித்தாலும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாக இழுக்கும். அப்போது நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கியபின் ஏணியைத் தேட வேண்டும். கரைச்சுவரில் கைபிடித்து ஏற இடமிருக்காது. கரையில் இருந்தால் குதிக்காமல் மிதவையோ கயிறோ எறிந்துவிட்டு அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். ஆங்கிலம் போதும். எங்கே என்று கேட்டால் கால்வாயின் பெயரையும் எதிரே உள்ள கதவின் எண்ணையும் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் கால்வாய் உறைவது அபூர்வம். 2012, 2018, 2021 பிப்ரவரி, மார்ச் வாக்கில் மக்கள் அதன்மேல் சறுக்கினார்கள். அப்படி ஒரு வாரம் வாய்த்தால் பாலத்தடியையும் படகுவீடுகளின் ஓரத்தையும் தவிருங்கள். பாலம் மேலே மூடியிருப்பதால் அடியில் பனிக்கட்டி மெலிந்தே இருக்கும். ஊர்க்காரர்கள் பாலம் வந்ததும் கரையேறி, ஸ்கேட்டைக் கழற்றாமல் தாறுமாறாக நடந்து பாலத்தைக் கடந்து, மறுபக்கம் மறுபடி இறங்குவார்கள். அவர்கள் ஏறுகிற இடத்தில் நீங்களும் ஏறிவிடுங்கள்.