ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு பெருக்குத் தொடர்வரிசை

ஏற்காடு ஏறும்போது காது அடைக்கும் என்பது சேலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது அடைத்துவிடும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது என்று அறிவியல் ஆசிரியர் சொல்லிவிடுவார். எந்தக் கணக்கில் குறைகிறது? அதற்கு விடை பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு பாடவேளைகளையும் சேர்த்து நடத்த, நம் ஊருக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது என்பேன்.

காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் உணரி உள்ள ஸ்மார்ட்போன் வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருக்காது. தேடிப் பிடித்தால் வகுப்புக்கு இரண்டு போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, அழுத்தத்தை உடனுக்குடன் வரைபடமாகக் காட்டும்.

முதலில் பள்ளி மாடிப்படி. 3 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 33 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இறங்கும். காலுக்குக் கீழே போய்விட்ட அந்த 3 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் தரும் எடைதான் அது. 33ஐ 3ஆலும், அப்புறம் புவியீர்ப்பு முடுக்கம் 9.8ஆலும் வகுத்தால் 1.1 வரும். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை அத்தனை கிலோ! 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள வகுப்பறைக்குள் சுமார் 160 கிலோ காற்று இருக்கிறது. தராசு இல்லாமலே எடை போட்டாயிற்று.

சரி, இனி மலைக்குப் போகலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர்; சேர்வராயன் கோயில் உச்சி 1,600 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தை நான்கு சம படிகளாகப் பிரித்தால், ஹெக்டோபாஸ்கலில் (100 பாஸ்கல்) கணக்குப்படி அழுத்தம் 980, 943, 907, 873, 840 என்று வரும். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்தால் 37, 36, 34, 33; சமமாக வரவில்லை. கழிக்காமல் வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 0.962. பெருக்குத் தொடர்வரிசை!

காரணம், காற்று அமுங்கக்கூடியது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இலவம்பஞ்சு மெத்தைகளில் அடி மெத்தைதான் அதிகம் நசுங்கும். அதுபோல அடியில் காற்று அடர்த்தி, மேலே போகப் போக லேசு. அதனால் ஒவ்வொரு படியிலும் இழப்பது ஒரே அளவு அல்ல. மிச்சமிருப்பதில் ஒரே பங்கு.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் காற்றழுத்தம் காலை 10 மணி வாக்கில் உயர்ந்து, மாலை 4 மணி வாக்கில் 2, 3 ஹெக்டோபாஸ்கல் தாழும். 3 ஹெக்டோபாஸ்கல் என்றால் உயரத்தில் கிட்டத்தட்ட 27 மீட்டர் பிழை. அதனால்தான் இரண்டாவது போன். அதைப் பள்ளியிலேயே ஓடவிட்டு, அங்கே அழுத்தம் ஏறி இறங்கியதைக் கழித்துவிட வேண்டும். 1648 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் அக்கா கணவர் பெரியே பிரான்சில் பூய் த தோம் மலை ஏறியபோதும், அழுத்தம் காட்டும் ஒரு பாதரசக் குழாயைக் கீழே வைத்து, நாள் முழுக்கக் கவனிக்க ஆள் நிறுத்திவிட்டுத்தான் போனார்.

உச்சிக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு மாடிப்படியில் முதல் சோதனையைத் திரும்பச் செய்யட்டும். அதே 3 மீட்டருக்கு 29, 30 பாஸ்கல்தான் இறங்கும். இறங்கியதை அங்குள்ள அழுத்தத்தால் வகுத்தால், சேலத்தின் 33 பாஸ்கலை அங்குள்ள அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்துக்கு மிக அருகில் வரும்; மலைக் குளிரில் காற்று சற்றுச் சுருங்கியிருப்பதால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மாற்ற வீதம், இருக்கும் அளவுக்கு நேர்விகிதம்: பிளஸ் டூ பிள்ளைகள் இதை வகைக்கெழுச் சமன்பாடாகவே எழுதிவிடுவார்கள்.