கிழங்கு இனிப்பது அடுப்பில்தான்

"கெலெடெக் இனிக்குமா அக்கா?" என்று பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட்டில் ஒருமுறை கேட்டேன். சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு மலாயில் அதுதான் பெயர். "அது நீ அவிக்கிறதுல இருக்கும்மா" என்றார் கிழங்கு விற்கும் அக்கா. பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் சொன்னது வேதியியல்.

சர்க்கரைவள்ளியைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள், இனிப்பு லேசாகத்தான் தெரியும். அதில் அதிகம் இருப்பது மாவுச்சத்து. அதற்கு இனிப்பு கிடையாது. ஆனால் அந்த மாவைச் சர்க்கரையாக்கும் நொதியைக் கிழங்கே தனக்குள் வைத்திருக்கிறது. பீட்டா அமைலேஸ் என்று பெயர். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளமான சரம். இந்த நொதி சரத்தின் நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாக நறுக்கிக்கொண்டே போகும். விழுகிற ஒவ்வொரு ஜோடியும் ஒரு மால்டோஸ். வெந்த கிழங்கில் கூடுதலாக நாம் உணரும் இனிப்பு அதுதான்.

அப்படியானால் பச்சைக் கிழங்கிலேயே இது நடக்கலாமே? நடக்காது. மாவுத் துகள்கள் அவ்வளவு இறுக்கமாக அடைந்து கிடக்கின்றன, நொதிக்கு நுழைய வழியில்லை. சூடு சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் துகள்கள் நீரை உறிஞ்சி, உப்பி, இளகுகின்றன. நொதியோ ஒரு புரதம். 80 டிகிரியை நெருங்கினால் வடிவம் குலைந்து செயலிழந்துவிடும். ஆக, இந்த இரண்டுக்கும் நடுவில் கிழங்கு எவ்வளவு நேரம் நிற்கிறதோ, இனிப்பும் அவ்வளவு.

வேலை முடிந்து வந்த அவசரத்தில் மைக்ரோவேவில் வைத்தால் கிழங்கு வெந்துவிடுகிறது, ஆனால் சப்பென்று இருக்கிறது. அந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுவதுதான் காரணம். பிரஷர் குக்கரும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான் இப்போது செய்வது இது: கிழங்கைத் தோலோடு, முழுதாக, பச்சைத் தண்ணீரில் போட்டு, மிகச் சிறிய தீயில் வைக்கிறேன். தண்ணீர் கொதிக்காமல் ஆவி மட்டும் பறக்கும் நிலையில் அரை மணி நேரம். அப்புறம்தான் கொதிக்கவிட்டு முழுதாக வேகவைப்பது. முழுதாகப் போடுவதால் உள்ளே சூடு மெதுவாக ஏறும், உண்டான சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போகாது.

தோலுரித்துத் துண்டாக்கி, தேங்காய் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புரட்டி, ஒரு பிடி தேங்காய்ப்பூ தூவினால் போதும். சோற்றுக்கும் ரசத்துக்கும் அருமையான தொட்டுக்கை. ஆரஞ்சு நிறக் கிழங்கென்றால் அந்த எண்ணெயும் தேங்காயும் அவசியம். அதிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது, கொழுப்பு இல்லாமல் உடல் அதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. ஊதாக் கிழங்கென்றால் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள். புளிப்பு பட்ட இடமெல்லாம் சிவந்துவிடும். ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் அமிலத்தில் நிறம் மாறும்.

சர்க்கரை நோய் உள்ள வீடுகளுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். மால்டோஸ் ரத்தத்தில் வேகமாகக் குளுக்கோஸாகிவிடும். அதனால் என் அப்பாவுக்கு மட்டும் முறையைத் தலைகீழாக்குகிறேன். கிழங்கைச் சின்னதாக நறுக்கி, நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. மிஞ்சும் மாவுச்சத்தும் செரித்துக் குளுக்கோஸாகத்தான் போகும் என்பதால், அவர் தட்டில் நாலு துண்டுக்கு மேல் வைப்பதில்லை. தேங்காய்ப்பூ மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு.