போட்டிப் பிஸ்டல் எங்கே தேய்கிறது?

திருகோணமலையில் துப்பாக்கி என்றதும் சோதனைச் சாவடி நினைவுக்கு வரும் ஆட்கள் இன்னும் நிறைய. விளையாட்டுப் போட்டிக்கென்று ஆளுக்கேற்றபடி கையால் செய்யப்படும் பிஸ்டல்கள் வேறு உலகம். ஆனாலும் அவற்றைத் தேய்ப்பது நம்மூர் போட் எஞ்சினைத் தேய்க்கும் அதே இயற்பியல்தான்.

இவற்றில் பலவற்றுக்கு மூலம் ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1911 மாதிரி. அந்த ஆண்டு அமெரிக்க இராணுவச் சோதனையில் ஒரே பிஸ்டல் 6,000 சன்னங்களைச் சுட்டுத் தாங்கியது. குழலின் முதுகில் இரண்டு மேடுகள் இருக்கும். குழலை மூடியபடி மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் உட்பள்ளங்களில் அவை பூட்டிக்கொள்ளும். சுட்டதும் இரண்டும் பூட்டியபடியே சில மில்லிமீற்றர் பின்னே போகும். அப்புறம் குழல் கீழே இறங்க, ஸ்லைடு தனியே ஓடும். .45 என்ற அளவுத் தோட்டாவில் வெடிவாயுவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 இறாத்தல் வரை போகலாம். போட்டிகளில் பெயர்பெற்ற .38 சூப்பர் தோட்டாவில் 36,500.

இரண்டு மேடுகளும் சமமாகச் சுமந்தால் சரி. ஒன்று மட்டும் முடியளவு முந்தி முட்டினால், முழுப் பாரமும் அதன் தலையில் விழுந்து விளிம்பு நசுங்கும். அதனால் செய்பவர் மேட்டில் மை தடவி, பூட்டி, கழற்றிப் பார்ப்பார். மை அழிந்த இடத்தில்தான் உலோகம் முட்டுகிறது. அங்கே அரத்தால் ஓரிரு இழுப்பு, மறுபடி மை. விலையில் பெரும்பங்கு இந்தப் பொறுமைக்குத்தான் என்பேன்.

ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்தால், ஸ்லைடு பின்னே வந்து, கைப்பிடியுள்ள அடிச்சட்டத்தில் பலமாக மோதும். ஸ்பிரிங் மலிவு, சட்டம் மலிவில்லை. அதனால்தான் விவரமானவர்கள் ஸ்பிரிங் உடையும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுவார்கள். எடை குறைக்க ஸ்லைடில் ஜன்னல் வெட்டுவார்கள். அதன் மூலை கூராக இருந்தால் ஒவ்வொரு அதிர்வின் இழுவிசையும் அங்கே குவியும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி, சூட்டுக்குச் சூடு நீளும். மூலையை வளைவாக வெட்டுவது அழகுக்காக அல்ல.

இனி உப்புக்காற்று. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, கறள் பிடிக்காது’ என்பது பாதி உண்மை. கடலுக்கு உகந்த 316 வகையில் உப்பு அரிப்பை எதிர்க்கும் மொலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது. காந்தம் அநேகமாக ஒட்டாது. ஆனால் அதைச் சூடாக்கிக் கடினப்படுத்த முடியாது. பிஸ்டலுக்கோ கடினம் வேண்டும், ஆகவே குழலுக்கும் ஸ்லைடுக்கும் பலர் எடுப்பது 416 வகை. இதில் காந்தம் பளிச்சென்று ஒட்டும். சுலபமாகக் கடைவதற்காகக் கந்தகம் சேர்த்திருப்பார்கள். அந்தக் கந்தகத் துணுக்குகளைச் சுற்றித்தான் உப்பு முதலில் அரிக்கும். டச்சுக் குடாப் பக்கம் வீடு என்றால், வியர்வையைத் துடைத்து எண்ணெய் பூசாமல் உறையில் போடவே கூடாது. உப்பு அரித்து விழும் ஊசிமுனைக் குழி, விரிசலைப் பொறுத்தவரை, இன்னொரு கூரான மூலை.