பேச ஒரு கம்பி, கேட்க ஒரு கம்பி

1921 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஆர்ட்ராசன் என்ற ஊரில், குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்துக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பால் காட்லி. அமெரிக்க ஹாம்களின், அதாவது வானொலியில் பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெச்சூர்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். அவரைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தது. அமெரிக்காவில் வீட்டிலிருந்தபடி அமெச்சூர்கள் அனுப்பும் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டி வருகிறதா என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. வந்தது. டிசம்பர் 12ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் நகரில் இருந்த 1பிசிஜி நிலையத்திலிருந்து ஒரு முழுச் செய்தியையே அவர் எழுதி எடுத்தார். அலைநீளம் சுமார் 230 மீட்டர், அதாவது 1.3 மெகாஹெர்ட்ஸ்.

அவர் பயன்படுத்திய ஆன்டெனாதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிறது. உயரமான கோபுரம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 400 மீட்டர் நீளக் கம்பி, வயல்வெளியில் தாழ்வான கம்பங்களின் மேல் நேராக ஓடியது. அவ்வளவுதான். அந்தக் கம்பியை ஒரு ட்ரான்ஸ்மிட்டரில் இணைத்திருந்தால் பவரில் பெரும்பகுதி மண்ணுக்கும் மின்தடைக்கும்தான் போயிருக்கும். பேச உதவாத ஆன்டெனா, கேட்பதற்கு மட்டும் எப்படி அவ்வளவு சிறப்பாக இருந்தது? ஹாம்களுக்கு ஒதுக்கிய தாழ் அதிர்வெண் அலைவரிசைகளை, அதாவது பேண்டுகளை, புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை.

ஹாம்கள் ‘லோ பேண்ட்’ என்று சொல்வது 160, 80, 40 மீட்டர் பேண்டுகளை. அதிர்வெண்ணில் சொன்னால் 1.8, 3.5, 7 மெகாஹெர்ட்ஸில் தொடங்குபவை. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். இவற்றுக்கும் கீழே 2200 மீட்டர், 630 மீட்டர் என்று இரண்டு பேண்டுகளை 2007, 2012 உலக வானொலி மாநாடுகள் ஹாம்களுக்கு ஒதுக்கின. இங்கே நான் பெரும்பாலும் 160 மீட்டரைப் பற்றியே பேசப்போகிறேன். ஹாம்கள் அதை ‘டாப் பேண்ட்’ என்பார்கள். வானமும் மண்ணும் இரைச்சலும் அதில்தான் தங்கள் முழு குணத்தைக் காட்டும்.

முதலில் வானம். 1902இல் மார்க்கோனி ‘ஃபிலடெல்ஃபியா’ கப்பலில் அமெரிக்காவுக்குப் போகும்போது, இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வரும் சிக்னலை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். பகலில் ஏறத்தாழ 1100 கிலோமீட்டரோடு நின்றுவிட்ட சிக்னல், இரவில் சுமார் 2500 கிலோமீட்டர் வரை செய்தியாகப் படிக்கும் அளவுக்குக் கேட்டது. சூரியன் ஏதோ செய்கிறது என்று தெரிந்தது, என்ன செய்கிறது என்று தெரியவில்லை. அதே ஆண்டில் கென்னலி, ஹெவிசைட் இருவரும் தனித்தனியாக, வானில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். 1924இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் உறுதிசெய்தார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று நமக்குத் தெரிந்தது இது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மட்டும், டி அடுக்கு என்ற ஒன்று உருவாகிறது. சூரியனின் புறஊதாக் கதிர், குறிப்பாக 121.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள லைமன்-ஆல்ஃபா, அங்குள்ள நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கிறது. வானொலி அலை வந்ததும் அந்த எலெக்ட்ரான்கள் அதனோடு சேர்ந்து ஆடுகின்றன. ஆடும் எலெக்ட்ரான், வாங்கிய ஆற்றலை மறுபடியும் அலையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இழப்பில்லை. ஆனால் அந்த உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாகவே இருப்பதால், திருப்பிக் கொடுப்பதற்குள் எலெக்ட்ரான் ஏதாவதொரு மூலக்கூறில் போய் மோதிவிடுகிறது. வாங்கிய ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. அதிர்வெண் குறையக் குறைய ஒவ்வொரு ஆட்டமும் நீளமாகி, எலெக்ட்ரான் அதிக வேகம் எடுக்கிறது. இழப்பதற்கும் அதிகம் இருக்கிறது. இந்த இழப்பு, தோராயமாக அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகான டெசிபலில் சொன்னால், 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு டெசிபல் போகும் இடத்தில் 1.8இல் 15 டெசிபல் போகும். அதனால்தான் நண்பகலில் 160 மீட்டரில் வான் வழி கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. 40 மீட்டரிலோ மதுரையும் சென்னையும் அதே வேளையில் தாராளமாகப் பேசிக்கொள்ள முடிகிறது.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கு சீக்கிரம் கரைந்துவிடும். காற்று அடர்த்தியாக இருப்பதால் பிரிந்த எலெக்ட்ரான்கள் அயனிகளோடு விரைவாகச் சேர்ந்துவிடுகின்றன. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எஃப் அடுக்கில் காற்று மிக மெலிது, அங்கே சேர்க்கை மெதுவாக நடக்கும். அதனால் அது இரவு முழுவதும் மிஞ்சி நின்று அலைகளைக் கீழே வளைத்து அனுப்புகிறது. உறிஞ்சும் அடுக்கு இல்லாமல் திருப்பும் அடுக்கு மட்டும் இருக்கும் நேரம்தான் டாப் பேண்டின் நேரம்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான பாதை. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். அது மத்திய ஆசியா, வட ஐரோப்பா, கிரீன்லாந்து வழியாக, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி ஏறி இறங்குகிறது. டிசம்பர் நடுவில் சென்னையில் சூரியன் மறைவது மாலை 5.45 அளவில். நியூயார்க்கில் சூரியன் உதிப்பது அவர்கள் நேரப்படி காலை 7.15 அளவில். சர்வதேச நேரத்துக்கு மாற்றினால் இரண்டும் 12.15தான்! ஒரு முனையில் இரவு தொடங்கும்போது மறுமுனையில் இரவு முடிகிறது. இடையில் உள்ள பாதையும் பகலும் இரவும் சந்திக்கும் அந்தி விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. எனவே சில நிமிடங்களுக்கு மட்டும் அந்தப் பாதை முழுவதிலும் டி அடுக்கு மெலிந்திருக்கும். ஜூன் மாதத்திலோ பாதையின் வடபகுதியில் கிட்டத்தட்ட 24 மணி நேரமும் வெயில், அந்த வழி அடைத்துவிடும். டிசம்பரிலும் அது உறுதியான வழி அல்ல. துருவ ஒளி வளையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், பூமியின் காந்தப்புலம் கொந்தளித்தால் அந்த வளையமே சிக்னலை விழுங்கிவிடும். அதனால் டாப் பேண்ட் ஆர்வலர்கள் சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளுக்காகக் காத்திருப்பார்கள்.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம். 160 மீட்டரில் அரை அலை டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்துக் கிடையாகக் கட்டும் நேர்கம்பி, போட சுமார் 78 மீட்டர் நீளம் வேண்டும். நீளத்தைக்கூடச் சமாளிக்கலாம், உயரம்தான் சிக்கல். தூரத்துக்குப் போகும் அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்த கோணத்தில் புறப்பட வேண்டும். டைபோல் அப்படிச் செய்ய அரை அலைநீள உயரம் தேவை, அதாவது 80 மீட்டர், 25 மாடி. மொட்டை மாடியில் 15 மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோல் பெரும்பாலும் நேர் மேலே அனுப்பும். 40 மீட்டரில் இது குறையே அல்ல. 20 மீட்டர் நீள டைபோல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், மேலே போய்ச் செங்குத்தாகத் திரும்பும் அலை, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டரை இடைவெளியில்லாமல் நிரப்பும். புயல், வெள்ள நேரத்தில் மாவட்டங்களுக்கு இடையே பேச இதைவிட எளிய ஆன்டெனா கிடையாது.

தூரம் வேண்டுமென்றால் நெட்டுக்கம்பி, அதாவது வெர்ட்டிக்கல். கால் அலை வெர்ட்டிக்கலுக்கே 160 மீட்டரில் 40 மீட்டர் உயரம் வேண்டும். நடைமுறையில் 15 மீட்டர்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிக் குட்டையான கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது பவரை அலையாக மாற்றும் பங்கைக் குறிக்கும் தடை, 3.4 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். மண்ணின் இழப்பு 15 ஓம் என்றால், 100 வாட் கொடுத்ததில் 18 வாட்தான் அலையாக வெளியே போகும். மிச்சம் மண்ணைச் சூடாக்கும். இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே 15 மீட்டர் கம்பியின் உச்சியிலிருந்து இன்னும் 25 மீட்டர் கம்பியைக் கிடையாக இழுப்பது. இதைத் தலைகீழ் எல் என்பார்கள். அப்போது நெட்டுப்பகுதி முழுவதிலும் மின்னோட்டம் வலுவாக ஓடும், கதிர்வீச்சுத் தடை 12 ஓம் அளவுக்கு உயரும், 100 வாட்டில் 44 வாட் வெளியே போகும். கூடுதல் கம்பிக்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்று, மண்ணின் இழப்பையே குறைப்பது. ஆன்டெனாவின் அடியிலிருந்து நாலா பக்கமும் ரேடியல் கம்பிகளைப் பரப்பினால், திரும்பி வரும் மின்னோட்டம் மண்ணில் அலையாமல் செம்பு வழியே வந்துவிடும். 1937இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் செய்த அளவீடுகளுக்குப் பிறகு, மத்திய அலை ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு 120 ரேடியல் என்பது வழக்கமாகிவிட்டது. ஹாம்களுக்கு 20, 30 இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கடற்கரையில் உப்புநீர் ஓரம் வெர்ட்டிக்கலை நிறுத்தியவர்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. அந்தத் தண்ணீரே தாழ்ந்த கோண அலைகளை வலுவாகத் தூக்கிவிடும்.

பேசும் ஆன்டெனாவின் போராட்டம் முழுவதும் திறனுக்காகத்தான், அதாவது கொடுத்த பவரில் எவ்வளவு அலையாகிறது என்பதற்காகத்தான். கேட்கும்போது இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. 1.8 மெகாஹெர்ட்ஸில் ரிசீவருக்குள் பிறக்கும் இரைச்சலைவிட வெளியிலிருந்து வரும் இரைச்சல் பல மடங்கு பெரிது. இடி மின்னல்கள் உண்டாக்கும் படபடப்பு, இரவில் சிக்னலைப் போலவே எஃப் அடுக்கில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி நம் தலைக்கு மேலேயே இருக்கும். போதாததற்கு எல்இடி விளக்கின் டிரைவர், போன் சார்ஜர், மாடியில் சோலார் இன்வெர்ட்டர். திறன் மிக்க ஆன்டெனா சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவுக்குப் பெருக்கிக் கொடுக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால், மேளம் இருக்கும் பக்கத்துக் காதைத்தான் பொத்திக்கொள்கிறோம். கேட்கும் ஆன்டெனா செய்ய வேண்டியது அதைத்தான்.

ஆர்ட்ராசன் கம்பி செய்ததும் அதுவே. அது ஹரோல்ட் பெவரேஜ் கண்டுபிடித்த ஆன்டெனா, 1921இல்தான் காப்புரிமை கிடைத்திருந்தது. தரையை ஒட்டி வரும் அலையின் கீழ்ப்பகுதி, மண்ணில் ஆற்றல் இழப்பதால் சற்றே பின்தங்கி, அலைமுகம் முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். அந்தச் சாய்வினால் மின்புலத்தில் ஒரு சிறு பங்கு கம்பியின் திசையிலேயே அமைகிறது. அலை கம்பியோடு சேர்ந்து ஓட ஓட, ஒவ்வொரு மீட்டரிலும் தூண்டப்படும் மின்னோட்டம் முன்னதோடு கூடிக்கொண்டே போய் ரிசீவர் முனையில் சேரும். எதிர்ப்பக்கமிருந்து வரும் அலை மறுமுனைக்குப் போய், அங்கே கம்பிக்கும் தரைக்கும் இடையில் வைத்திருக்கும் 450 ஓம் அளவிலான தடையில் கரைந்துவிடும். பக்கவாட்டில் வருவது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மண் மோசமாக இருந்தால்தான் சாய்வு அதிகம். பேசும் ஆன்டெனாவுக்குச் சாபமான வறண்ட மண், இதற்கு வரம். கிடைக்கும் சிக்னல் சின்னதுதான், ஆனால் இரைச்சல் அதைவிடச் சின்னதாகிவிடுகிறது.

300 மீட்டர் நிலம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இல்லாதவர்களுக்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையம் போதும். வளையம் எல்லாத் திசையிலும் ஓரளவு கேட்கும், எதிரெதிரான இரண்டு குறுகிய திசைகளில் மட்டும் அறவே கேட்காது. மத்திய அலை ட்ரான்சிஸ்டரில் உள்ளூர் நிலையத்தை வைத்துப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு ஒரு கோணத்தில் நிலையத்தையே விழுங்கிவிடும். அந்தக் கோணத்தைப் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் பக்கம் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் ஹாம்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வட அமெரிக்க, ஐரோப்பியக் கையேடுகளை அப்படியே பின்பற்றினால் இது தவறிப்போகும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். இங்கே காந்தப்புலம் கிடையாக, தெற்கு வடக்காக, சுமார் 40,000 நானோடெஸ்லா வலிமையில் இருக்கிறது. அந்தப் புலத்தில் எலெக்ட்ரான் நொடிக்குச் சுமார் 11 லட்சம் முறை சுழலும், அதாவது 1.1 மெகாஹெர்ட்ஸ். 160 மீட்டர் பேண்ட் இதற்கு ஓரளவு அருகில் இருப்பதால், அயனி மண்டலத்தில், அதாவது டி, எஃப் போன்ற அடுக்குகள் உள்ள பகுதியில், நுழையும் அலை இரண்டாகப் பிரிவதன் விளைவு இங்கே பெரிதாகத் தெரியும். ஒன்று அந்தச் சுழற்சியில் மாட்டிக்கொண்டு பெருமளவு உறிஞ்சப்படும், மற்றது தப்பித்துப் போகும். கிழக்கு மேற்காகப் போகும் பாதையில் தப்பிக்கும் அலை, மின்புலம் தெற்கு வடக்காகக் கிடையாக இருக்கும் அலைதான். வெர்ட்டிக்கல் உருவாக்குவதோ செங்குத்தான மின்புலம். துருவத்தை நோக்கி வடக்கே போகும்போது இந்தத் தண்டனை வெகுவாகக் குறையும், ஆப்பிரிக்காவையோ தென்கிழக்கு ஆசியாவையோ நோக்கும்போது முழுதாக விழும்.

தலைகீழ் எல் ஆன்டெனாவின் கிடைக்கம்பி இந்த இடத்தில் இன்னொரு வேலைக்கும் உதவும். அதைத் தெற்கு வடக்காக இழுத்துக் கட்டினால், கிழக்குக்கும் மேற்குக்கும் கொஞ்சம் கிடைப்புல அலையும் சேர்ந்து கிடைக்கும், கோணம் உயரமாக இருந்தாலும். எவ்வளவு பயன் என்பதை அளந்து பார்க்கவும் முடியும். ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட டபிள்யூஎஸ்பிஆர் மென்பொருளில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிறு சிக்னலை ஒரு வெர்ட்டிக்கலிலும் ஒரு தெற்கு வடக்கு டைபோலிலும் மாற்றி மாற்றி அனுப்பினால் போதும். கிழக்கிலும் மேற்கிலும் அதைக் கேட்கும் நிலையங்கள் டெசிபல் கணக்கோடு இணையத்தில் பதிந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி இரவுகள் இதற்கு ஏற்றவை. பருவமழை இடி ஓய்ந்திருக்கும், கோடை இடி தொடங்கியிருக்காது.