பச்சிளங்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள்

பிறந்து மூன்று வாரம்கூட நிறையாத குழந்தையொன்று, மூச்சு வாங்குகிறது என்று இந்த வாரமும் எங்கள் மருத்துவமனைக்கு வந்தது. காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேற்பகுதி மட்டும் வெளுத்திருந்தது, கிருமிக்கான ஊசி மருந்துகளுக்கு அது அசைந்து கொடுக்கவும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான், "சளி இளகட்டும்னு ரெண்டே சொட்டு எண்ணெய் விட்டமுங்க, தெனமும் குளிக்க வெக்கறப்ப" என்று அம்மாயி வாய் திறந்தார். ஈரோட்டிலிருந்து உடுமலை வரை குழந்தை மருத்துவர் யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

பிறந்த குழந்தை முதல் சில மாதங்களுக்குப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடும். அந்த மூக்கின் துளையோ சில மில்லிமீட்டர் அகலம்தான். அதில் கடுகளவு சளி காய்ந்து ஒட்டினாலும் 'கர்கர்' என்று சத்தம் வரும். குழந்தையின் முதுகில் கை வைத்தால் அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும்; உடனே "நெஞ்சுச்சளி கட்டிப் போச்சு" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சத்தம் பிறப்பது மூக்கில். மெல்லிய நெஞ்சுக்கூடு அதை எதிரொலிக்கிறது, அவ்வளவே. பால் நன்றாகக் குடித்து, எடை கூடி வரும் குழந்தைக்கு இந்தச் சத்தத்திற்காக மருந்தே தேவையில்லை. உறக்கத்தில் வேகவேகமாக மூச்சு விட்டு, ஐந்து பத்து நொடி நிறுத்தி, மீண்டும் தொடங்குவதும் இந்த வயதில் இயல்புதான். அந்த இடைவெளி இருபது நொடியைத் தொட்டாலோ, நிறம் மாறினாலோ அது வேறு விஷயம்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் குழந்தை இருமும். எண்ணெய் போனால் பல நேரங்களில் இருமல்கூட வராது, ஆகவே அது சத்தமில்லாமல் நுரையீரல்வரை இறங்கிவிடும். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு அது பெரும்பாலும் வலப்பக்க மேல்மடலில் போய்த் தேங்கும். வயிறு எண்ணெயைச் செரிக்கும், நுரையீரல் செரிக்காது. எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. இதனால் வரும் நிமோனியா கிருமியால் வந்ததல்ல என்பதால் கிருமிக்கொல்லி மருந்து அதைக் கரைக்காது. ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். "காங்கேயத்துச் செக்கில் நாங்களே நின்று ஆட்டிய எண்ணெய்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கலப்படமில்லாத எண்ணெய்தான், சந்தேகமில்லை; ஆனால் தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், நெய் என எது போனாலும் நுரையீரலுக்கு ஒன்றுதான். "எங்க பிள்ளைக எல்லாம் இப்படித்தானே வளர்ந்தாங்க" என்பது அடுத்த வாதம். வளர்ந்தவர்கள்தாம் கண்ணெதிரே இருக்கிறார்கள். வளராமல் போனவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குளிக்க வைப்பவர் குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. பெரியவருக்கு வெறும் தொண்டைக் கரகரப்பாக இருக்கும் கிருமி, ஒரு மாதக் குழந்தையை ஐசியூவில் படுக்க வைக்கும். எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து நெஞ்சில் தேய்க்காதீர்கள். கற்பூரம் உடலில் சேர்ந்தால் வலிப்பு வரும். நெஞ்சில் பூசும் தைலங்களும் இந்த வயதுக்கு ஆகாது. சாம்பிராணிப் புகை மூக்கின் உட்சவ்வை மேலும் வீங்கச் செய்யும். தாய்ப்பாலின் இடம் வயிறு. அதை மூக்கில் பீய்ச்ச வேண்டாம்.

மூக்கு அடைத்திருந்தால் செய்யத் தக்கது எளிது. மருந்துக்கடையில் 0.65 சதவீத சோடியம் குளோரைடு, அதாவது உப்புநீர், மூக்குச் சொட்டு மருந்தாகக் கிடைக்கும். பெரியவர்களின் மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தும் ஏறத்தாழ அதே அளவுப் புட்டியில்தான் வருகிறது. அதில் உள்ள சைலோமெட்டசோலின் போன்ற மருந்துகள் பச்சிளங்குழந்தையின் மூச்சையே தளர்த்திவிடும் என்பதால், புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்து, ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள். குழந்தை தும்மும், தும்மலோடு வெளியே வருவதை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். துணியைத் திரித்து மூக்குக்குள் நுழைக்காதீர்கள். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் பல்லடம், தாராபுரம் பக்கத்தவர்களும், பஞ்சு படிந்த உடையோடு வேலையிலிருந்து திரும்பும் திருப்பூர்க்காரர்களும் உடை மாற்றி, கைகழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் பாதிச் சிக்கல் குறையும். சளி மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட, 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டிருக்கிறது.

எப்போது ஓடி வர வேண்டும்? குழந்தை அமைதியாக இருக்கையில் சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அறுபதைத் தொட்டால் மறுபடியும் எண்ணுங்கள். மீண்டும் அப்படியே இருந்தால் காத்திருக்கக் கூடாது. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், மூச்சோடு முனகல் வந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் உடனே வாருங்கள். நாக்கோ உதடோ நீலமானால் 108-ஐ அழையுங்கள்.

வரும்போது ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். எண்ணெய் விட்டிருந்தால், டாக்டர் திட்டுவார் என்று அஞ்சாமல், எந்த எண்ணெய், எத்தனை நாளாக என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். திட்டுவோம்தான், ஆனால் பலன் தராத ஊசிகளைக் குழந்தைக்குப் போடாமல், சரியான சிகிச்சையை அன்றே தொடங்கிவிடுவோம்.