வேகம் கூடினால் கார் ஏன் அலைகிறது?

திருகோணமலை நகருக்குள் 40, 50-ல் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாத கார், குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறி 100-ஐத் தொட்டதும் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மீரிகமவில் இறங்கும்போது தோள் வலிக்கும். சாதாரண வீதியில் காருக்குச் சட்டம் தரும் எல்லை 70. 2022-ல் திறந்த அந்தப் பாதையில் 100. காரின் அடிப்பாகத்தில் ஒளிந்திருந்த தேய்மானமெல்லாம் இந்த இடைவெளியில்தான் வெளியே வருகிறது. "பழைய கார், அப்படித்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் முன்சில்லில் தேடும் கோளாறு பல நேரம் பின்சில்லில் இருக்கிறது. அதைத்தான் இங்கே விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எந்தக் காரும் கோடு கிழித்ததுபோல நேராக ஓடுவதில்லை. சின்னப் பள்ளம், ஒரு காற்று வீச்சு, எதிரே கடந்துபோகும் லொறி என்று ஒவ்வொன்றும் காரின் மூக்கைக் கொஞ்சம் திருப்பிவிடும். மூக்கு இடப்பக்கம் திரும்பினால் பின்பகுதி வலப்பக்கம் நகரும். அப்போது பின் டயர்கள் தாம் பார்க்கும் திசையிலேயே உருளாமல், ஒரு சிறு கோணம் விலகி உருளும். ரப்பர் முறுகி எதிர்ப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளுதான் திருப்பத்தை அடக்கி, காரைப் பழைய தடத்தில் நிறுத்துகிறது. ஓட்டுநர் ஒன்றும் செய்யாமலே ஒரு நொடியில் இதெல்லாம் நடந்து முடிந்துவிடும்.

சரி, இதில் வேகம் எங்கே வருகிறது? கார் நொடிக்கு 5 பாகை திரும்புகிறது என்று வைப்போம். காரின் ஈர்ப்பு மையத்திலிருந்து பின் அச்சு 1.3 மீற்றர் தள்ளி இருந்தால், பின் டயர் நொடிக்கு 11 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் போகும். 50 கிலோமீற்றர் வேகத்தில் அதே டயர் முன்னோக்கி நொடிக்கு கிட்டத்தட்ட 14 மீற்றர் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விலகல் கோணம் ஏறத்தாழ 0.47 பாகை. 100-ல் முன்னோக்கிய வேகம் 28 மீற்றர், ஆகவே கோணம் 0.23 பாகைதான். கோணம் பாதியானால் ரப்பரின் எதிர்த்தள்ளும் பாதி. அதாவது, வேகம் இரட்டிப்பானால் காரின் ஆட்டத்தை அடக்கும் சக்தி பாதியாகிறது. போதாததற்கு, 1 பாகை திசை தவறினால் 50-ல் ஒரு நொடியில் 24 சென்ரிமீற்றர் விலகும் கார், 100-ல் 48 சென்ரிமீற்றர் விலகும். டயர், ஷொக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்), புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) எல்லாம் புதிதாக இருக்கும் காருக்கும் இது பொருந்தும். அவற்றில் ஒன்று தளர்ந்திருந்தால் மிச்சமிருக்கும் பாதியிலும் ஒரு பங்கு போய்விடும்.

காற்றும் இதில் சேரும். கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் மேல் ஓட்டியவர்களுக்கு, பக்கக் காற்று காரை எப்படித் தள்ளும் என்று தெரியும். பொதுவாகக் காற்று தள்ளும் மையம் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் அமைவதால், முதலில் திரும்புவது மூக்குத்தான். நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ஜப்பானியச் சிறு கார்கள் உயரமும் ஒடுக்கமுமானவை. ஒரு வேகன் ஆரின் அகலம் 1,475 மில்லிமீற்றர், உயரம் அதைவிடக் கூட. அத்தகைய காரைக் காற்றில் பிடித்து நிறுத்துவது பின் டயரின் பிடிதான்.

இனி அலைன்மென்ட், அதாவது சில்லுகள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்வது. கேஸ்டர், கேம்பர், டோ என்று மூன்று கோணங்களைச் சொல்வார்கள். ஸ்டியரிங் திரும்பும் அச்சு மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருப்பது கேஸ்டர். சாய்ந்திருப்பதால் அந்த அச்சின் நீட்சி டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். சுப்பர் மார்க்கட் தள்ளுவண்டியின் சில்லு தன் கம்பிக்குப் பின்னால் இழுபட்டு நேராவதுபோல, டயரும் தானே நேராகும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் கைக்குள் வழுக்கித் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கேஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் நடுவில் உயிரில்லாமல் இருக்கும். இரு பக்கமும் வேறு வேறாக இருந்தால், குறைந்த பக்கத்துக்கு கார் இழுக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சில்லின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். நேரோட்டத்துக்கு அதன் பங்கு சிறியது; இரு பக்கமும் ஒத்திருந்தால் போதும்.

டோதான் பெரிய விஷயம். மேலிருந்து பார்த்தால் இரு சில்லுகளின் முன்விளிம்பும் உள்ளே நெருங்கியிருந்தால் டோ இன், விரிந்திருந்தால் டோ அவுட். ஒரு சில்லு அரைப் பாகை பிழையாக நின்றால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 8.7 மீற்றர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அதற்குள் அந்த டயர் இரண்டேகால் கிலோமீற்றர் சும்மா தேய்ந்திருக்கும்.

பின்சில்லில் சிறிதளவு டோ இன் இருப்பது காரைக் காப்பாற்றும். மூக்கு இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப் பின் டயருக்கு மாறுகிறது. அந்த டயர் உள்ளே, அதாவது இடப்பக்கம் பார்த்து நிற்பதால் பின்பகுதியை இடப்பக்கமே தள்ளும். பின்பகுதி இடப்பக்கம் வந்தால் மூக்கு திரும்பவும் நேராகும். டோ அவுட் என்றால் எல்லாம் தலைகீழ். தொடங்கிய திருப்பத்தைக் கார் தானே வளர்த்துக்கொண்டு போகும். 60-ல் இது தெரியாது. 100-ல் அவசரமாக ஒரு லேன் மாறும்போது தெரியும்.

இங்கேதான் அலைன்மென்ட் கடையில் அச்சிட்டுத் தரும் அளவுத் துண்டைச் சரியாக வாசிக்கத் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு, பின் இடது டோ +0.25, பின் வலது −0.10, மொத்தம் +0.15 பாகை என்று அச்சாகியிருக்கிறது என்று வைப்போம் (+ என்றால் டோ இன், − என்றால் டோ அவுட்). மொத்தத்தை மட்டும் பார்த்தால் நல்ல எண். தனித்தனியாகப் பாருங்கள்: இடது சில்லு உள்ளே பார்க்கிறது, அதாவது வலப்பக்கம். வலது சில்லு வெளியே பார்க்கிறது, அதுவும் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து பின்பகுதியை ஏறத்தாழ 0.18 பாகை வலப்பக்கம் ஓட்டுகின்றன. கார் நேராகப் போக வேண்டுமானால் முன்சில்லும் அதே அளவு வலப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். ஸ்டியரிங் விகிதம் 16 என்றால், அதாவது சில்லு 1 பாகை திரும்ப ஸ்டியரிங்கை 16 பாகை திருப்ப வேண்டுமென்றால், ஸ்டியரிங்கில் அது 3 பாகைக்குக் கிட்ட. ஸ்டியரிங் எப்போதும் லேசாகக் கோணி நிற்பதற்கு இது ஒரு காரணம். சில இடங்களில் ஸ்டியரிங்கைக் கழற்றி நேராக்கிப் பூட்டித் தந்துவிடுவார்கள். கோணல் கண்ணிலிருந்து மறையும், காரில் அப்படியே இருக்கும்.

பல சிறு கார்களில் பின்பக்கம் ஒரே இரும்பு பீம்தான். அதில் டோவைத் திருகிச் சரிசெய்யும் வசதி இல்லை. அதனால் "பின்னுக்குப் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லி முன் டோவை மட்டும் திருகி அனுப்பிவிடுவார்கள். சரிசெய்ய முடியாது என்பதற்காக அளக்காமல் விடுவது பெரிய தவறு. குழிக்குள் விழுந்து பீம் வளைந்திருக்கலாம், அதன் புஷ் கிழிந்திருக்கலாம். அளந்தால்தானே தெரியும்? தேவைப்பட்டால் சக்கர ஹப்புக்கும் பீமுக்கும் இடையே மெல்லிய சரிவுத் தகடு வைத்துத் திருத்தலாம், அல்லது பீமை மாற்றலாம்.

அலைன்மென்ட் என்பது நிற்கும் காரில் எடுக்கும் அளவு. ஓடும் காரில் அந்த அளவு அப்படியே நிற்குமா என்பதைப் புஷ்களும், போல் ஜொயின்ட்களும் (சில்லு திரும்ப இடம்தரும் குண்டு மூட்டுகள்), டை ரொட் முனைகளும் (ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனைகள்) தீர்மானிக்கின்றன. சில்லைக் கீழே காரின் உடலோடு இணைக்கும் லோவர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷில் டோர்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் நடு உலோகத்திலிருந்து பிறை வடிவில் பிரிந்து, பிளவுக்குள் மண் நிறைந்திருந்தால் அது முடிந்துவிட்டது. பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் முழுவதும் பின்னே நகரும், கேஸ்டரும் டோவும் அந்த நொடியில் மாறும். அந்தப் புஷ்ஷோடு எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் காசுதான் வீண். முதலில் தேய்ந்த பாகங்களை மாற்ற வேண்டும், அப்புறம்தான் அளவு.

ஷொக்கையும் சவாரிச் சுகத்துக்கான பொருளாக மட்டும் நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் வாங்கி வைக்கும் சக்தியை ஷொக் எண்ணெயைச் சிறு துளைகளுக்குள்ளால் தள்ளிச் சூடாக மாற்றுகிறது. காரின் உடல் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆட விரும்பும். சில்லோ பத்து முறைக்கு மேல் துள்ள விரும்பும். ஷொக் தளர்ந்தால் சில்லு வீதியில் சீராகப் பதியாது, பாரம் ஏறி இறங்கும் டயரின் பக்கப்பிடி குறையும். முன்பு பார்த்த அந்த எதிர்த்தள்ளு அங்கே இன்னும் சுருங்கும். ஷொக்கின் உடலில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால், அச்சின் இரு பக்கத்தையும் ஒன்றாக மாற்றுங்கள். கடற்காற்று ஊரில் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றையும் துருவுக்காகப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் மேம்படுத்தல். நல்ல ஷொக், கொஞ்சம் இறுக்கமான புஷ் இரண்டும் உண்மையான பலன் தரும். வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சில்லுகளை இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரில் கவனம் வேண்டும். முன்பக்கம் தடித்த பார் போட்டால் கார் நிதானமாகும். பின்பக்கம் மட்டும் போட்டால் வளைவில் பின் டயரின் பிடி குறைந்து, நமக்கு வேண்டியதற்கு நேர்மாறாகும். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். டை ரொட்டும் லோவர் ஆர்மும் ஒத்த வளைவில் அசையும்படிதான் கம்பெனி அமைத்திருக்கிறது. உயரம் மாறினால் அந்த ஒத்திசைவு கெட்டு, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சில்லு தானே திரும்பும். வேகத்தடையில் (ஹம்ப்) அடிப்பாகம் தட்டுகிறது என்று ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் (உயர்த்தும் துண்டு) வைத்து உயர்த்துபவர்களுக்கும் இதே கதைதான். ஈர்ப்பு மையம் உயர்வது அதற்கு மேலதிகம். அகலமான டயர் பிடி கூட்டும், ஆனால் வீதியில் லொறி பதித்த தடங்களைத் தேடிப் பிடித்து ஓடும்.

செலவில்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. குடும்பத்தோடு, டிக்கியில் பொதியோடு கொழும்புக்குப் போகிறீர்கள் என்றால், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கு என்று பின் டயருக்குக் கொடுத்திருக்கும் காற்றளவைப் பாருங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, நகரை விட்டு வெளிக்கிடும் முன் அந்த அளவுக்கு அடியுங்கள். இரண்டு புதிய டயர் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னுக்குப் போடுங்கள், முன்சில்லில் இழுக்கும் காராக இருந்தாலும்.

கடைசியாக, கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று முடிவுகட்டும் முன் வீதியைப் பாருங்கள். மழைநீர் வடிய வீதி நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் எல்லாக் காரும் கொஞ்சம் இடப்பக்கம் சாயத்தான் செய்யும். கந்தளாய்ப் பக்கம் நேரான, வாகனம் குறைந்த ஒரு துண்டில், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, மெல்லிய வேகத்தில் வீதியின் நடுவில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் அலைன்மென்ட் கடைக்குப் போய், நான்கு சில்லுக்கும் திருத்துவதற்கு முந்திய அளவு, பிந்திய அளவு இரண்டையும் அச்சில் கேட்டு வாங்குங்கள்.